கல்லில் அவள் பெயர் வேண்டாம்

உ
சிவமயம்

எங்கள் ஊர் நகரத்தார் பொதுவுக்கும், ஊருணி மராமத்துக்குப் பணம் அனுப்பிய சென்னை, சிங்கப்பூர், மலேசியாப் பிள்ளைகளுக்கும்,

கிழக்கு வீதி ஆச்சி எழுதிக்கொள்வது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டத் தீர்மானத்தின் நகலை நேற்று கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊருணியில் மூழ்கிச் செத்துப்போன அந்தக் குழந்தையின் பெயரில் அதன் கரையிலேயே நினைவுக் கூடம் கட்டப்போகிறீர்கள். கிரானைட் தரை, சின்ன மேடை, சுவரில் அவள் படம், வாசலில் கல்வெட்டு. கல்வெட்டில் அவள் பெயர் மேலே, நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் கீழே. மதிப்பீடும் தயார். உங்கள் மனசில் எனக்குச் சந்தேகம் இல்லை. செய்தி கேட்ட அன்று இரவே சிங்கப்பூரிலிருந்து போனில் அழுத தம்பியை எனக்குத் தெரியும்.

ஆனாலும் அதைக் கட்டாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். "ஆச்சியை உட்கார வைங்கப்பா" என்பீர்கள், அதோடு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம். எல்லோரும் படிக்கட்டும் என்றே ஒட்டாத உறையில் போடுகிறேன்.

அவள் பெயரை எங்கேயும் எழுதப்போவதில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நடந்ததை என் வாயால் நீங்கள் கேட்டதில்லை. ஊரில் நாலு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். உச்சி நேரத்தில் ஏதோ இழுத்துவிட்டது என்றுகூட ஒரு கதை ஓடுகிறது. அவளை எதுவும் இழுக்கவில்லை.

ஏழு வருஷமாக எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் மாலை வகுப்பு நடக்கிறது. சூளையில் செங்கல் அறுக்கிறவர்களின் பிள்ளைகள், பூட்டிய வீடுகளுக்குக் காவல் இருக்கிறவர்களின் பிள்ளைகள், பாசிமணி விற்கப் போகிறவர்களின் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன்கள் இரண்டு பேர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் பெரியவர்கள் இல்லாத பிள்ளைகள் எல்லாரும். ஒரு காலத்தில் 40 பேருக்குப் பந்தி போட்ட வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை சும்மாதானே கிடக்கிறது, நாலு பிள்ளைகள் உட்கார்ந்து படித்தால் என்ன என்று ஆரம்பித்தது. கணக்கு சொல்லிக்கொடுப்பேன், வாசிக்க வைப்பேன், சுண்டல் கொடுப்பேன். சனிக்கிழமை என்றால் கும்மாயம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. கார்த்திகை மாதம். மழை நன்றாகப் பெய்து ஊருணி தளும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மோட்டாரில் காயில் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது, குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சாப்பிட்ட தட்டை ஊருணியில் அலசிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியது நான்தான். பெரிய பிள்ளைகளோடு போங்க என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னேன். திண்ணையில் நின்றால் ஊருணிப் படி தெரியும். நான் திண்ணையில் நிற்கவில்லை. உருளியை இறக்கி வைக்க உள்ளே போனேன்.

போனவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தட்டை வாங்கி எண்ணி அடுக்குவது என் வழக்கம். எவர்சில்வர் தட்டு, மாதத்துக்கு ஒன்றிரண்டு குறையும். 14 கொடுத்தேன், 13 வந்தது. "யாரு தட்டை ஊருணியிலயே போட்டுட்டு வந்தது?" என்று சத்தம் போட்டேன்.

தட்டை எண்ணினேனே தவிர, பிள்ளைகளை எண்ணவில்லை. சூளைக்காரர் பையன் ஒருவன்தான் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவள் பெயரைச் சொன்னான்.

ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீரில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. தட்டு படியில் இருந்தது, கழுவிக் கவிழ்த்து வைத்தபடி. காலை நனைக்க இன்னும் ஒரு படி இறங்கியிருப்பாள். டீக்கடைத் தம்பி குதித்தான். மூன்றாவது முக்குளிப்பில்தான் கைக்குக் கிடைத்தாள். கரையில் போட்டதும் ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார். ஒருவர் வயிற்றை அமுக்கினார். "தண்ணிய வெளிய எடு, தண்ணிய வெளிய எடு" என்று நானும்தான் கத்தினேன். 108 வண்டியில் வந்த பையன் எங்கள் எல்லாரையும் தள்ளிவிட்டுச் செய்த முதல் வேலை அவள் மூக்கிலும் வாயிலும் மூடியை வைத்துக் காற்றைச் செலுத்தியது. அதுவரைக்கும் அவளுக்கு யாரும் ஒரு மூச்சுக்கூடக் கொடுக்கவில்லை.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், படித்தும் தெரிந்துகொண்டேன். மூழ்குகிற குழந்தை கத்தாது. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது, தண்ணீரை அமுக்கி மேலே வரப் பார்ப்பதிலேயே கை போய்விடும். பத்தடி தள்ளித் தட்டு கழுவிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்காமல் போனது அதனால்தான். அவர்களை யாரும் குற்றம் சொல்லாதீர்கள். நாலைந்து நிமிஷம் காற்றுப் போகாவிட்டால் மூளை கெட ஆரம்பித்துவிடும். தலைகீழாகச் சுற்றுவதால் எதுவும் ஆகாது, அந்த நிமிஷங்கள்தான் வீணாகும். மட்டமாகப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் காற்று ஊத வேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். 30 அமுக்கு, 2 ஊது, மறுபடி 30. இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிற்பகல் போதும். 68 வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

இப்போது ஊருணிக்கு வருகிறேன். இது உங்களுக்குக் கசக்கும்.

நம் சீமையில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. வானம் கொடுப்பதைப் பிடித்து வைத்துத்தான் பிழைத்தோம். வளவில் விழுகிற மழையை அண்டாவில் பிடித்தோம், தெருவில் ஓடுவதைக் கால்வாய் வெட்டி ஊருணிக்குக் கொண்டுபோனோம். குடிதண்ணீர் ஊருணியில் யாரும் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது, காவலும் இருந்தது. ஐயா காலத்து ஊருணி தாம்பாளம் மாதிரி இருக்கும். செம்புறாங்கல் படி, அதற்கும் கீழே சரிவு, சரிவு முடிகிற நடுவில்தான் ஆழம். கால் தவறினாலும் உட்கார்ந்தபடி இரண்டடி சறுக்குவோம், எழுந்துவிடுவோம். நானே சறுக்கியிருக்கிறேன்.

காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது, போர் போட்டோம், ஊருணியை மறந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தூர் வார வேண்டும் என்று முதலில் கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பணம் குவிந்தது. இயந்திரம் வந்தது. வெட்டுகிற மண்ணை அள்ளியவரே எடுத்துக்கொள்ளலாம், கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். நமக்குச் செலவு மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். வடகரையில் மண் நல்ல சவுடாக இருந்ததோ என்னவோ, அங்கேயே தோண்டிக்கொண்டு போனார்கள். படி முடிகிற இடத்தில் சரிவை அப்படியே செங்குத்தாக அரிந்துவிட்டார்கள். வாளி வைத்த இயந்திரம் அப்படித்தான் அரியும், கூட நின்று சொல்ல ஆள் வேண்டும். தண்ணீர் இல்லாதபோது நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். "எவ்வளவு ஆழம் பார், எவ்வளவு தண்ணி நிக்கும்" என்று பூரித்துப்போய்ப் படம் எடுத்துக் குழுவில் போட்டோம். மழை வந்து நிறைந்த பிறகு மேலே எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்தானே. எந்தப் பக்கம் சரிவு, எந்தப் பக்கம் கிணறு என்று எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அந்த வடகரையில்தான் மராமத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊருணி நிறைந்ததுபோல என்று வள்ளுவர் சொன்ன 215-ஆவது குறளை மேலே பொறித்து, கீழே நம் பெயர்களைப் போட்டோம். என் பெயரும் ஏழாவதாக இருக்கிறது. அதற்குப் பத்தடி தள்ளி இன்னொரு கல்லை நட்டு அவள் பெயரையும் பொறிப்பதா? யோசித்துப் பாருங்கள்.

மண் எடுத்தவரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று இளைஞர்கள் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாமப்பா. விசாரணை அதன் வழியில் போகட்டும். ஊருணியை வெட்டியது நம் தர்மம். பிள்ளையை அங்கே அனுப்பியது என் தர்மம். இரண்டிலும் கூட நின்று பார்க்க ஆள் போடவில்லை. பிள்ளைகளைத் தங்க வைத்துப் பராமரிக்கிற இல்லம் என்றால் 2015-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். மாலையில் மூன்று மணி நேரம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற என்னை ஏழு வருஷத்தில் ஒருத்தர்கூட ஒன்றும் கேட்டதில்லை. ஆச்சி என்கிற பெயரே போதுமானதாக இருந்தது. பெற்றவர்களும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை. இலவசமாகக் கொடுக்கிறவளிடம் போய், மோட்டார் ஓடுகிறதா, பிள்ளையோடு யார் போவார்கள் என்று எப்படிக் கேட்பார்கள்?

சுவரில் மாட்டப்போகிற படத்தையும் பார்த்தேன். பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக எடுத்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரி, கழுத்து வரை பொத்தான் போட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள். அவள் வாயை மூடி நான் பார்த்தது அந்தப் படத்தில்தான்.

அவள் அத்தனை சாதுவான பிள்ளை இல்லை. பல்லாங்குழியில் திருட்டு ஆட்டம் ஆடுவாள். நாலு முத்து சேர்ந்தால்தான் பசு, இவள் மூணு இருக்கும்போதே "பசு!" என்று அள்ளிக்கொள்வாள். எண்ணிக் காட்டடி என்றால் அதற்குள் மடியில் போட்டிருப்பாள். ரெண்டு கணக்குப் போட்டால் ஒரு ஆட்டம் என்று எனக்கும் அவளுக்கும் ஒப்பந்தம். கணக்கை அந்த ஒடிசாப் பையனிடம் போடச் சொல்லிவிட்டு, ஆட்டத்துக்கு மட்டும் அவள் வருவாள். தலையில் பேன் இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணுவாள். தரைக்கல்லில் பூப்போட்ட கட்டங்களை மட்டும் மிதித்து வளவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நொண்டி அடிப்பாள். நிறுத்து என்றால் "பாதியில நிறுத்துனா பழம் போயிரும் ஆச்சி" என்பாள். பெரிய 'ற'வையும் சின்ன 'ர'வையும் கடைசி வரைக்கும் மாற்றித்தான் எழுதினாள். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஆறு தூண் என்பதை 'ஆரு தூண்' என்று எழுதியிருக்கிறாள். அன்றைக்குத் திருத்தாமல் விட்டிருந்தேன்.

அவள் அம்மா கல்யாணச் சமையல் கூட்டத்தோடு போகிறவர். முகூர்த்த மாதம் என்றால் நாலு நாள், ஐந்து நாள் வெளியூர். நம் வீட்டு விசேஷங்களுக்கும் பாத்திரம் துலக்க வந்திருக்கிறார், முகம் உங்களுக்கு நினைவிருக்காது. அன்றைக்கும் ஒரு கல்யாண வீட்டில்தான் இருந்தார். தீர்மான நகலை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் வாசித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். அப்புறம் சொன்னார்:

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும் ஆச்சி. அவதான் செவுத்துல கரிக்கட்டியால எழுதி, இது என் பேரு, இது என் பேருன்னு தெனமும் காட்டுவா. எனக்கு வாசிக்கத் தெரிஞ்சது அந்த ஒரு பேருதான். பொழுது விடிஞ்சா நான் அந்தக் கரை வழியாத்தான் வேலைக்குப் போவணும். கல்லுல வைக்காதீங்க."

இதற்கு மேல் எனக்குக் காரணம் தெரியவில்லை. இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

சரி, அந்தப் பணத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் ஊருணி. கோடையில் தண்ணீர் இறங்கியதும் வடகரையில் மண்ணைக் கொட்டி மட்டம் பார்த்துப் பழையபடி சரிவு போட வேண்டும். செம்புறாங்கல் படியைச் சரிவின் அடி வரைக்கும் இறக்க வேண்டும். செம்புறாங்கல் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள். அதுவரைக்கும் வடகரையைக் கம்பி வேலி போட்டு அடைத்துவிடுங்கள். நாலு கரைகளிலும் காற்றடைத்த லாரி ட்யூப், ஒரு நீள மூங்கில், ஒரு கயிறு தொங்கட்டும். திருடு போகும் என்பீர்கள். போனால் மறுபடி வாங்கித் தொங்கவிடுவோம்.

அடுத்தது நீச்சல். நம் வீட்டு ஆண்பிள்ளைகள் கண்மாயில்தான் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு நீந்தப் பழகினார்கள். அண்ணனுக்கு இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூக்கிப் போட்டார்கள், மூன்றாம் நாள் மீன் மாதிரி வந்தான். பெண்பிள்ளைகள் நாங்கள் குடத்தோடு கரையில் நின்று பார்த்தோம். இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பணம் உள்ள வீட்டுப் பிள்ளை சென்னையில் நீச்சல் குளத்துக்குப் போகிறது. ஊருணிக்கும் கண்மாய்க்கும் தினமும் போகிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நம் நாட்டில் வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. உலகம் முழுவதும் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய கால்வாசி 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 6 வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீரில் எப்படி நடந்துகொள்வது என்பதும் கற்றுக்கொடுங்கள், நீர்நிலைக்குத் தடுப்புப் போடுங்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதலுதவி பழக்குங்கள் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய விஞ்ஞானம் எல்லாம் இல்லை, சுரைக்குடுக்கைதான். பயிற்சிக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்யுங்கள், இல்லாவிட்டால் நம் ஊரில் பெண்பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள் என்று ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் ஒரு தேதி குறித்திருக்கிறது. ஜூலை 25. அந்தத் தேதி காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு வேறு காரணத்தால் நினைவிருக்கலாம். 1948-இல் அதே நாளில்தான் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். ஊருக்கு என்ன தேவை என்று பார்த்துக் கொடுத்த கை அது. நம் வழக்கமும் அதுதான், நடுவில் கொஞ்சம் மண்டபம் கட்டுவதில் இறங்கிவிட்டோம். (என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இந்த வரியை அடிக்கச் சொல்லியிருப்பார்.) வருகிற ஜூலை 25-க்குள் முதல் பத்துப் பிள்ளைகளாவது மிதக்கப் பழகிவிட வேண்டும். டீக்கடைத் தம்பி, ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கோயில் மணியக்காரர், நான் எல்லாரும் அந்த 30 அமுக்கு, 2 ஊது பழகிவிட வேண்டும்.

வகுப்பை மூடிவிடுங்கள் ஆச்சி, வயசான காலத்தில் எதற்கு வம்பு என்று பெரியவர்கள் சிலர் சொல்லி அனுப்பினீர்கள். அக்கறையில் சொன்னதுதான். மூடித்தான் வைத்திருந்தேன். 22-ஆம் நாள் சாயங்காலம் திண்ணையில் சத்தம் கேட்டுப் பார்த்தால் பிள்ளைகள் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் தட்டவில்லை. ஏண்டா வந்தீங்க என்றால், "வேற எங்க போக" என்றான் சூளைக்காரர் பையன். திறந்தேன். இப்போது அவள் அம்மாவின் தங்கையைச் சம்பளம் கொடுத்துக் கூட வைத்திருக்கிறேன். மோட்டார் ஓடாவிட்டால் வகுப்பு கிடையாது. வரும்போது ஒரு தடவை, சாப்பிடும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை பெயர் கூப்பிடுகிறேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் அவள் பெயரையும் கூப்பிட்டுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒடிசாப் பையன்களில் சின்னவன், என்ன புரிந்ததோ, "வரலே ஆச்சி" என்றான்.

அடுத்த கூட்டம் பௌர்ணமிக்கு மறுநாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். வருவேன். கொடுப்பவர்கள் பெயரை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் வரவுசெலவு நோட்டில் எழுதுவோம், வேண்டியவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும். கயிறு மட்டும் வாங்கிவிட்டேன், 80 அடி, நைலான். முகப்பில் சுருட்டி வைத்திருக்கிறது. வடகரையில் கட்ட அங்கே மரமும் இல்லை, கம்பமும் இல்லை. நம் கல்வெட்டு ஒன்றுதான் நிற்கிறது. அதில் கட்டலாமா என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கு வீதி ஆச்சி